சுமையே போடவில்லை, தகைவு எங்கிருந்து வந்தது?

முதுநிலைப் பொறியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொன்னால் அவர் பிரச்சினை இது. 20 மி.மீ. தடிமனுள்ள ஒரு எஃகுத் தகட்டில் 20 மி.மீ. துளை, அதற்குள் ஒரு எஃகுப் பின். பொருத்தம் எச்7/ஜி6, அதாவது சற்றே தளர்வானது. கம்ப்யூட்டரில் இரண்டையும் தனித்தனியே மெஷ் செய்து, அதாவது எலிமென்ட் எனும் சிறு சிறு துண்டுகளாக வகுத்து, நடுவில் கான்டாக்ட் (தொடுகை) கொடுத்து, பின்னை 20 கிலோநியூட்டன் விசையால் ஒரு பக்கமாக இழுக்கிறார். சுமை ஏறத் தொடங்கும் முன்பே துளை ஓரமெங்கும் 300 மெகாபாஸ்கலுக்கு மேல் தகைவு (ஸ்ட்ரெஸ்) காட்டுகிறது. அப்புறம் சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், கொஞ்ச நேரம் திணறிவிட்டு நின்றுவிடுகிறது. பின்னையும் துளையையும் ஒட்டிவைத்தால், அதாவது பாண்டட் என்று கொடுத்தால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடிகிறது. "எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? இரண்டு பொருள் தொடுகிறது என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித்தான் தெரிகிறது?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஒட்டிவைத்தால் ஓடுவதில் வியப்பே இல்லை. ஒட்டிய இரண்டு பொருள்கள் கணக்கைப் பொறுத்தவரை ஒரே பொருள். எங்கே பிடித்திருக்கிறது, எங்கே இழுக்கிறோம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். சமன்பாடுகளை எழுதித் தீர்த்துவிடலாம். தொடும் பொருள்களில் அந்த வசதி கிடையாது. பின், துளையின் எந்தப் பகுதியில் சாய்ந்திருக்கும், அந்தப் பகுதி எவ்வளவு அகலம் என்பது தெரிந்தால்தான் விசையைக் கணக்கிட முடியும். விசை தெரிந்தால்தான் பொருள் எவ்வளவு நசுங்கும் என்று தெரியும். நசுங்கிய வடிவம் தெரிந்தால்தான் எங்கே தொடுகிறது என்று தெரியும். பாம்பு தன் வாலைக் கவ்விய கதை. எங்கே தொடுகிறது என்பதும் நாம் தேடும் விடையில் ஒரு பகுதி.

கணிதமாக எழுதினால் மூன்றே விதிகள். இடைவெளி பூஜ்யமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று புகக்கூடாது. தொடும் முகம் தள்ளும். பசை இல்லாதவரை இழுக்காது. இடைவெளி, அழுத்தம் ஆகிய இரண்டில் ஏதாவது ஒன்று எப்போதும் பூஜ்யம். இடைவெளி இருக்கும் இடத்தில் அழுத்தம் இருக்காது, அழுத்தம் இருக்கும் இடத்தில் இடைவெளி இருக்காது. ஆப்டிமைசேஷன் படித்தவர்களுக்கு இது கரூஷ் 1939-இலும் குன், டக்கர் இருவரும் 1951-இலும் எழுதிய நிபந்தனைகள் என்று உடனே புரியும். பார்ப்பதற்கு எளிது. ஆனால் முதல் இரண்டும் சமனிலிகள்; மூன்றாவது, ஒரு சுவிட்சு. தொடும்போது விறைப்பு (ஸ்டிஃப்னஸ்) சட்டென்று முளைக்கிறது, விலகினால் சட்டென்று மறைகிறது. பொருள் முழுக்க முழுக்க மீட்சித்தன்மை கொண்டதாக இருந்தாலும், உருமாற்றம் மிகச் சிறிதாக இருந்தாலும், கணக்கு நேரியல் அல்லாததாகிவிடுகிறது.

இதன் சிக்கலை முதலில் தெளிவாக முன்வைத்தவர் இத்தாலியரான அன்டோனியோ சினோரினி. வழுவழுப்பான தரையில் வைத்த ஒரு மீட்சிப் பொருள் எப்படிச் சமநிலையில் இருக்கும் என்பது அவர் கேள்வி. எல்லை நிபந்தனை எது என்றே முன்கூட்டிச் சொல்ல முடியாததால், தெளிவற்ற எல்லை நிபந்தனைகள் கொண்ட கணக்கு என்று அதை அழைத்தார். அவருடைய மாணவர் கயெட்டானோ ஃபிச்சேரா 1963 ஜனவரியில் விடை ஒன்று உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவினார். அடுத்த மாதமே சினோரினி காலமானார். சமனிலிகளை வைத்து மெக்கானிக்ஸ் செய்யும் ஒரு கணிதத் துறை அதிலிருந்துதான் கிளைத்தது. இன்றைக்கு நீங்கள் கான்டாக்ட் என்று ஒரு பட்டனை அழுத்தும்போது அடியில் ஓடுவது அந்தக் கணக்குதான்.

சரி, சால்வர் என்ன செய்கிறது?

முதல் வேலை தேடல். ஒரு முகத்தில் 1 லட்சம் நோட் (எலிமென்டுகள் சந்திக்கும் புள்ளி), எதிர்முகத்தில் 1 லட்சம் பரப்புத் துண்டு என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு ஒப்பிட்டால் 1,000 கோடி ஒப்பீடு. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும். எந்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடும். அதனால் தபால்காரர் பின்கோடு பார்த்துப் பிரிப்பதுபோல, இடத்தைச் சிறு சிறு பெட்டிகளாக வகுத்து, ஒரே பெட்டியிலோ பக்கத்துப் பெட்டியிலோ இருப்பவற்றை மட்டும் ஒப்பிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு நோடிலிருந்தும் எதிர்முகத்துக்குச் செங்குத்து இறக்கி இடைவெளியை அளக்கிறார்கள். எண் எதிர்க்குறியாக வந்தால் புகுந்துவிட்டது என்று பொருள். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள்கள் இதை நன்றாகவே செய்கின்றன.

இரண்டாவது வேலை, புகுந்ததை வெளியே தள்ளுவது. இங்கேதான் பெனால்டி, லக்ராஞ்ச் என்றெல்லாம் மெனுவில் வரும் பெயர்கள். ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் போதும், வாழ்நாளுக்கும் மறக்காது.

ஒரு ஸ்பிரிங், விறைப்பு மி.மீ.க்கு 1,000 நியூட்டன். அதன் முனையை 100 நியூட்டனால் தள்ளுகிறோம். 0.05 மி.மீ. தள்ளி ஒரு கற்சுவர். சுவர் இல்லாவிட்டால் முனை 0.1 மி.மீ. நகரும். சுவர் இருப்பதால் 0.05-இல் நிற்கும், ஸ்பிரிங் 50 நியூட்டனைத் தாங்கும், மீதி 50-ஐச் சுவர் தாங்கும். விடை நமக்குத் தெரியும். இனி சால்வர் எப்படி அங்கே போகிறது என்று பார்க்கலாம்.

பெனால்டி முறையில் சுவருக்குப் பதில் இன்னொரு விறைப்பான ஸ்பிரிங்கை வைக்கிறோம். அதன் விறைப்பு மி.மீ.க்கு 10,000 நியூட்டன் என்றால், முனை 0.05454 மி.மீ.இல் நிற்கிறது. 4.5 மைக்ரான் சுவருக்குள் புகுந்திருக்கிறது. சுவரின் விசை 45.5 நியூட்டன். 50 வரவேண்டிய இடத்தில் 9 சதவீதம் குறைவு. விறைப்பை 1,00,000 ஆக்கினால் புகுவது அரை மைக்ரானாகக் குறைகிறது, விசை 49.5. அப்படியானால் ஒரு கோடி என்று கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எல்லோருக்கும் ஒருமுறை தோன்றும். ஆனால் பெரிய மாடலில் அது கணக்கைக் கெடுக்கும். ஒரு நோட் கொஞ்சம் புகுந்தாலும் அசுரத்தனமான விசை வெளியே எறிகிறது. அடுத்த சுற்றில் அது தொடவே இல்லை என்று ஆகி விசை பூஜ்யமாகிறது. அடுத்த சுற்றில் மீண்டும் புகுகிறது. கதவு காற்றில் அடித்துக்கொள்வதுபோலத் திறந்து மூடித் திறந்து மூடி, கன்வர்ஜ் ஆகாமலே, அதாவது ஒரு விடையில் நிலைக்காமலே போகும். அடியிலுள்ள எலிமென்டின் விறைப்பைப்போல் 10 மடங்கு என்ற அளவில் பெனால்டியைத் தொடங்கும் வழக்கம் வந்தது இதனால்தான்.

லக்ராஞ்ச் பெருக்கி முறையில் சுவரின் விசையையே ஒரு தெரியாத எண்ணாக வைத்துக்கொள்கிறோம். முனை 0.05-இல் நிற்க வேண்டும் என்பது கூடுதல் சமன்பாடு. விடை துல்லியம்: 0.05 மி.மீ., 50 நியூட்டன். அதற்கான விலை, தெரியாத எண்கள் கூடும், சமன்பாட்டு அணியின் (மேட்ரிக்ஸ்) மூலைவிட்டத்தில் பூஜ்யங்கள் வரும், எந்த நோட் தொடுகிறது என்று சரியாகச் சொல்லியாக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, எனக்குப் பிடித்தது. 1969-இல் ஹெஸ்டனெஸ், பவல் இருவரும் தனித்தனியே எழுதியது, ஆக்மென்டட் லக்ராஞ்சியன் என்ற பெயரில் பல மென்பொருள்களில் இருக்கிறது. அதே 10,000 விறைப்பு. முதல் சுற்றில் 45.45 நியூட்டன் கிடைத்தது அல்லவா? அதை அப்படியே கையிருப்பாக வைத்துக்கொண்டு, மீதியை மட்டும் பெனால்டியிடம் கேட்கிறோம். இரண்டாம் சுற்றில் 49.59. மூன்றாம் சுற்றில் 49.96. ஒவ்வொரு சுற்றிலும் பிழை பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மிதமான விறைப்பு, நல்ல துல்லியம், சில சுற்றுகள் கூடுதல். இது ஒரு ஸ்பிரிங்குக்கு. லட்சம் நோடுக்கும் இதே கதைதான்.

இப்போது உங்கள் பின்னுக்கு வருவோம்.

எச்7/ஜி6 என்றால் துளை 20.000 முதல் 20.021 மி.மீ. வரை, பின் 19.980 முதல் 19.993 வரை. இரண்டிலும் நடுவளவை எடுத்தால் ஆரத்தில் 12 மைக்ரான் இடைவெளி. நீங்கள் வரைந்தது இதுதான், வரைபடத்தில் தப்பில்லை. ஆனால் சால்வர் உங்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை, மெஷ்ஷைத்தான் பார்க்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் சுற்றுக்கு 36 எலிமென்ட் எண்ணினேன். அதாவது உங்கள் துளை வட்டமல்ல, 36 பக்கப் பலகோணம். பின்னும் அப்படியே. நோட்கள் வட்டத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கும். ஆனால் இரண்டு நோட்களை இணைக்கும் நேர்க்கோட்டின் நடு, வட்டத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். எவ்வளவு? ஆரம் 10 மி.மீ., ஒரு பக்கம் 10 பாகை, அதில் பாதி 5 பாகை. 10 மி.மீ.ஐ ஒன்றிலிருந்து கோசைன் 5 பாகை கழித்ததால் பெருக்குங்கள்: 0.038 மி.மீ. 38 மைக்ரான்!

துளையின் பக்கங்கள் துளைக்குள் 38 மைக்ரான் துருத்திக்கொண்டிருக்கின்றன. உங்கள் இடைவெளியோ வெறும் 12. பின்னின் நோட்களும் துளையின் நோட்களும் ஒரே கோணத்தில் நேருக்கு நேர் அமைந்திருந்தால் தப்பித்தீர்கள். ஒன்று அரைப் பக்கம் திரும்பியிருந்தால், பின்னின் ஒவ்வொரு முனையும் துளையின் ஒவ்வொரு பக்க நடுவிலும் 26 மைக்ரான் புகுந்திருக்கும். தளர்வான பொருத்தம் என்று நினைத்து நீங்கள் வைத்தது, சால்வரின் கண்ணில் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டிய இறுக்கமான பொருத்தம். சுமை போடும் முன்பே 300 மெகாபாஸ்கல் வந்தது இங்கிருந்துதான். சால்வர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த பலகோணப் பின்னை, நீங்கள் கொடுத்த பலகோணத் துளையில் நியாயமாகத்தான் திணித்திருக்கிறது.

நானும் இதே குழியில் விழுந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தண்டு மேல் ஏற்றிய புஷ்ஷின் அழுத்தப் படத்தை வண்ணவண்ணமாக அச்சடித்து மேசையில் விரித்தேன். சுற்றிலும் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று அழகாக மாறி மாறி வந்தது. பக்கத்தில் நின்ற கடைசல்காரர் ஒருவர், முப்பது வருட அனுபவம் இருக்கும், எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, தண்டுக்குப் பல்லு வெட்டச் சொல்றீங்களா?" அழுத்தம் பல் பல்லாக வந்தால் அது இயற்பியல் அல்ல, மெஷ்ஷின் பல் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மென்பொருள் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

தீர்வு நேரடியானது. சுற்றுக்கு 72 எலிமென்ட் வைத்தால் துருத்தல் 9.5 மைக்ரான். ஒன்றையொன்று இடிக்காது, ஆனால் இடைவெளி 12-லிருந்து சில இடங்களில் 2.5 ஆகச் சுருங்கியிருக்கும், போதாது. 144 வைத்தால் 2.4 மைக்ரான். பாகைக்கு ஒன்று என்று 360 வைத்தால் 0.4 மைக்ரான். பக்கங்களை இரட்டிப்பாக்கும்போது பிழை நான்கில் ஒன்றாகிறது என்பதைக் கவனியுங்கள். தகடு முழுவதையும் இப்படி நுணுக்க வேண்டாம், தொடும் முகத்தை ஒட்டி மட்டும் போதும். பல மென்பொருள்களில் உருளை, கோள முகங்களுக்கு வளைவுத் திருத்தம் என்று ஒரு வசதியும் இருக்கிறது. மெஷ் பலகோணமாக இருந்தாலும், இடைவெளியை உண்மையான வட்டத்தை வைத்து அளக்கும். அதையும் போடுங்கள். தொடக்க ஊடுருவலைச் சரிசெய் என்ற இன்னொரு வசதி நோட்களைப் பிடித்து நகர்த்திவிடும். இடைவெளியே முக்கியமான உங்கள் கணக்கில் அது வேண்டாம்.

இதைச் செய்து ஓட்டினால் ஒரு புது ஏமாற்றம் காத்திருக்கிறது. முன்பு கொஞ்ச தூரமாவது போனது, இப்போது முதல் சுற்றிலேயே பூஜ்ய பிவட் என்றோ, கட்டுப்பாடற்ற நகர்வு என்றோ சொல்லிப் படுத்துவிடும். மெஷ்ஷைத் திருத்தியதால் கெட்டுப்போயிற்று என்று பழைய மெஷ்ஷுக்கு ஓடிவிடாதீர்கள். முதல் தவறு இரண்டாவது தவறை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பலகோணங்கள் பல்சக்கரம்போல் ஒன்றையொன்று கவ்வியிருந்ததால் பின் தன் இடத்தில் நின்றது. இப்போது சுற்றிலும் 12 மைக்ரான் இடைவெளியோடு அந்தரத்தில் மிதக்கிறது. நீங்கள் விசையால் இழுக்கிறீர்கள், தடுக்க ஒன்றுமில்லை, நிலைக் கணக்கில் தடுப்பில்லாத பொருளின் நகர்வு எல்லையற்றது. நிஜத்தில் பின் சும்மா நகர்ந்து தொட்டுவிடும். சமநிலையை மட்டுமே கேட்கத் தெரிந்த சால்வருக்கு அந்தச் சும்மா நகர்வது தெரியாது.

வழிகள் உண்டு. முதல் ஸ்டெப்பில் (சுமை ஏற்றும் கட்டத்தில்) விசை வேண்டாம். பின்னை இழுக்கும் திசையில் 13 மைக்ரான் நகர்த்தித் தொட வையுங்கள். தொட்ட பிறகு அடுத்த ஸ்டெப்பில் அந்த நகர்வை விடுவித்து விசையைக் கொடுங்கள். நான் பெரும்பாலும் செய்வது இதுதான். இன்னொன்று, மிக மெலிந்த ஸ்பிரிங்குகளால் பின்னைக் கட்டிவைப்பது. மூன்றாவது, கான்டாக்ட் ஸ்டெபிலைசேஷன் என்ற செயற்கைத் தணிப்பு. அதைப் போட்டால் அது விழுங்கிய ஆற்றல் மொத்த ஆற்றலில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவில்தான் இருக்கிறதா என்று கடைசியில் பார்த்தாக வேண்டும். இதோடு பின் தன் அச்சைச் சுற்றி உருளாமல் இருக்கவும் ஏதாவது வேண்டும். உராய்வில்லாத வட்டம் உருளுவதை எதுவும் தடுக்காது. சமச்சீர் தளத்தில் பாதியாக வெட்டி மாடல் செய்தால் அந்தத் தொல்லையும் போகும், மெஷ்ஷும் பாதியாகும்.

எந்த முகம் மாஸ்டர், எது ஸ்லேவ் என்று கேட்டிருந்தீர்கள். (சில மென்பொருள்கள் இந்தப் பெயர்களை இப்போது மாற்றிவிட்டன, நல்லதுதான்.) பழைய முறையில் ஒரு பக்கத்து நோட்கள் எதிர்ப்பக்கத்து முகத்துக்குள் புகக்கூடாது என்று மட்டும்தான் சோதிப்பார்கள். மறுபக்கத்து நோட்கள் இந்தப் பக்கம் தாராளமாகப் புகலாம், கேட்பாரில்லை. அதனால்தான் நுணுக்கமான மெஷ், மென்மையான பொருள் ஆகியவை ஸ்லேவாக இருக்க வேண்டும் என்ற விதி. இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. மெஷ் பொருந்தாத இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலே சீரான அழுத்தம் கொடுத்தால், இடையிலும் சீரான அழுத்தம்தான் வரவேண்டும். வராது. அங்கங்கே கூடும், குறையும். பாட்ச் டெஸ்ட் எனப்படும் இந்தச் சோதனையில் தேறத்தான் முகத்தோடு முகத்தைச் சராசரியாக ஒப்பிடும் முறைகளும், பிறகு மார்ட்டார் முறையும் வந்தன. உங்கள் மென்பொருளில் சர்ஃபேஸ் டு சர்ஃபேஸ் என்றோ மார்ட்டார் என்றோ இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். பழைய நோட் முறையில், பக்க நடுவிலும் நோட் உள்ள இருபடி எலிமென்ட் போட்டால் இன்னொரு கூத்தும் உண்டு: 8 நோட் உள்ள முகத்தில் சீரான அழுத்தம் போட்டால் மூலை நோட்களுக்கு எதிர்க்குறி விசை வரும், மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது தள்ளும் முகத்தின் மூலைகள் இழுக்கின்றன! இழுத்தால் விலகிவிட்டது என்று சால்வர் எண்ணிக்கொள்ளும். இருபடியைவிட நேர்படி எலிமென்ட் கான்டாக்டுக்கு நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உராய்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 0.15 என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அமோன்டன் 1699-இலும் கூலோம் 1785-இலும் சொன்ன அதே விதி: பக்கவாட்டு விசை செங்குத்து விசையின் ஒரு பங்கைத் தாண்டும்வரை ஒட்டியிருக்கும், தாண்டினால் வழுக்கும். மீண்டும் ஒரு சமனிலி, மீண்டும் ஒரு சுவிட்சு. கூடவே இரண்டு தொல்லைகள். உராய்வு அணியின் சமச்சீரைக் கெடுத்துவிடும். சமச்சீரற்ற சால்வரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கன்வர்ஜென்ஸ் ஆமை நடை நடக்கும். அப்புறம், உராய்வு வந்த பிறகு விடை சுமை ஏறிய வழியைப் பொறுத்தது. முதலில் அழுத்திப் பிறகு இழுப்பதும், முதலில் இழுத்துப் பிறகு அழுத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே ஸ்டெப்பில் கொடுத்துவிட்டு எந்த விடை வருகிறது என்று பார்ப்பது சூதாட்டம். 1949-இல் மிண்ட்லின் காட்டியபடி, அழுத்திய பந்தைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் பந்து மொத்தமாக நகரும் முன்பே தொடுபகுதியின் விளிம்பு வளையம் மட்டும் வழுக்கத் தொடங்கிவிடும், நடு ஒட்டியிருக்கும். போல்ட் கழற்றும்போதும் தண்டிலிருந்து பேரிங் கழற்றும்போதும் விளிம்பில் துருப்போலச் செம்பொடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்த நுண் வழுக்கலின் வேலை அது. என் யோசனை, முதலில் உராய்வைப் பூஜ்யமாக்கி ஓட்டிவிடுங்கள். ஓடிய பிறகு சேருங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம். நீங்கள் தொடங்கிய இடமே தவறு. மென்பொருளில் முதல்முறை கான்டாக்ட் போடும் எவரும் பின்னிலோ கியரிலோ ஆரம்பிக்கக் கூடாது. விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. அந்தக் கணக்கைக் கொடுத்தவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். ஆம், ரேடியோ அலைகளின் ஹெர்ட்ஸேதான். பெர்லினில் 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில், 23 வயதில், கண்ணாடி லென்ஸ்களை ஒன்றோடொன்று அழுத்தினால் நியூட்டன் வளையங்கள் எப்படி மாறும் என்று யோசித்துக்கொண்டிருந்தவர், வளைந்த இரண்டு பொருள்கள் அழுந்தும்போது தொடுபகுதி எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று முழுத் தீர்வையே எழுதிவிட்டார். பேரிங், கியர், ரயில் சக்கரம் எல்லாம் இன்றைக்கும் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன.

10 மி.மீ. விட்டமுள்ள எஃகுப் பந்தை எஃகுத் தளத்தின்மேல் வைத்து 100 நியூட்டன் அழுத்துங்கள். சுமார் 10 கிலோ எடை. ஹெர்ட்ஸ் சூத்திரப்படி, யங் குணகம் 210 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3 என்றால், தொடும் வட்டத்தின் ஆரம் 0.148 மி.மீ. நடுவில் அழுத்தம் 2,180 மெகாபாஸ்கல் வாக்கில். பந்து தளத்தை நெருங்கும் தூரம் 4.4 மைக்ரான். மூன்று எண்களையும் நிதானமாகப் பாருங்கள். ஒரு கையால் தூக்கும் எடை, சாதாரண மென் எஃகின் இளகுவலிமையைப்போல் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) எட்டு மடங்குக்கு மேலான அழுத்தத்தைத் தருகிறது. மென் எஃகுத் தளமாக இருந்தால் தழும்பு விழும். பேரிங்கை ஏன் அப்படிக் கடினப்படுத்துகிறார்கள் என்பது இங்கேயே புரிந்துவிடும். பந்து பேரிங்குகளின் நிலைச்சுமைத் தரத்துக்கு ஐஎஸ்ஓ 76 என்ற தரநிலை எடுத்துக்கொள்ளும் அழுத்தம் 4,200 மெகாபாஸ்கல்.

இதை மாடல் செய்யும்போது எலிமென்ட் அளவு என்ன வைப்பீர்கள்? பந்து 10 மி.மீ., ஆகவே 0.5 மி.மீ. போதும் என்று தோன்றும். அப்படி வைத்தால் ஒரே ஒரு நோட்தான் தொடும். அதில் வரும் தகைவு எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க எண் மாறிக்கொண்டே போகும். தொடும் ஆரம் 0.148 என்றால் அதற்குள் குறைந்தது 10 எலிமென்ட் வேண்டும், அதாவது 0.015 மி.மீ. கீழ்நோக்கியும் அப்படியே, ஏனென்றால் அதிகபட்ச வெட்டுத்தகைவு பரப்பில் இல்லை, ஆரத்தில் 0.48 பங்கு ஆழத்தில், இங்கே 0.07 மி.மீ. கீழே இருக்கிறது. பேரிங்கில் குழி விழுவது பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்குவது இதனால். அச்சுச் சமச்சீர் மாடலாகப் போட்டால் சாதாரண லேப்டாப்பில் நிமிடங்களில் முடிந்துவிடும்.

பெனால்டியையும் இங்கே சோதிக்கலாம். பந்து நெருங்குவதே 4.4 மைக்ரான்தான். உங்கள் பெனால்டி 1 மைக்ரான் புகவிட்டால், பார்வைக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் விறைப்பில் கால்பங்கு ஏறத்தாழத் தொலைந்துவிட்டது. ஊடுருவலை எலிமென்ட் அளவோடு ஒப்பிட்டு ரொம்பச் சின்னது என்று திருப்தியடைவது தவறு. பொருளின் உருமாற்றத்தோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் சுமையை எட்டு மடங்காக்கிப் பாருங்கள். அழுத்தம் எட்டு மடங்காகாது, இரண்டு மடங்குதான் ஆகும். தொடும் ஆரமும் இரண்டு மடங்காகும். சுமையின் கனமூலத்தில் வளரும் இந்த நடத்தையை உங்கள் மாடல் காட்டினால், கான்டாக்ட் வேலை செய்கிறது என்று நம்பலாம். நேர்விகிதத்தில் வளர்ந்தால் எங்கோ ஒட்டிவைத்திருக்கிறீர்கள்.

எக்ஸ்ப்ளிசிட் சால்வரில் போட்டால் கன்வர்ஜென்ஸ் தொல்லையே இல்லையாமே என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மை, ஏனென்றால் அது எதையும் கன்வர்ஜ் செய்வதே இல்லை. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் 1976-இல் டைனா3டி எழுதியது, விமானத்திலிருந்து தாழப் பறந்து போடும் அணுகுண்டு தரையில் மோதினால் என்னாகும் என்று பார்க்க. பின்னாளில் அதுவே கார் மோதல் கணக்குகளின் அடிப்படையாயிற்று. நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் விசையைப் பார்த்து நகர்த்திக்கொண்டே போவார்கள். நூற்றுக்கணக்கான தகடுகள் மடங்கி, தன்மேல் தானே மோதி நசுங்கும் கணக்குக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஒலி ஒரு எலிமென்டைக் கடக்கும் நேரத்தைவிடத் துண்டு சிறிதாக இருக்க வேண்டும். எஃகில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர், 5 மி.மீ. எலிமென்டுக்கு 1 மைக்ரோவினாடி. 100 மில்லிவினாடி மோதலுக்கு 1 லட்சம் துண்டு, பரவாயில்லை. உங்கள் பின்னில் 0.1 மி.மீ. எலிமென்ட் போட்டு, நிதானமாக ஒரு வினாடி இழுக்க வேண்டுமென்றால் 5 கோடி துண்டு. வேண்டாம்.

கடைசியாக, திருத்திய மாடல் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கையால் போட்டுக்கொள்ளுங்கள். 20 கிலோநியூட்டனை 20 மி.மீ. விட்டம், 20 மி.மீ. தடிமனால் வகுத்தால் சராசரித் தாங்கழுத்தம் 50 மெகாபாஸ்கல். அழுத்தம் அரைவட்டத்தில் கோசைன் வளைவாகப் பரவினால் நடுவில் 64. இடைவெளி இருப்பதால் தொடும் வில் அரைவட்டத்தைவிடக் குறுகும், உச்சம் 64-ஐவிடக் கூடும். எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லத்தான் உங்களுக்கு மாடல் தேவைப்படுகிறது. ஹெர்ட்ஸ் சூத்திரத்தை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்; ஏறக்குறைய ஒரே ஆரமுள்ள பின்னும் துளையும் அவர் எடுத்துக்கொண்ட சிறு தொடுபகுதி என்ற அனுமானத்துக்குள் வராது. கான்டாக்ட் விசைகளைக் கூட்டினால் 20,000 நியூட்டன் வருகிறதா, இழுக்காத பக்கத்தில் அழுத்தம் பூஜ்யமாக இருக்கிறதா, 144-ஐ 288 ஆக்கினால் உச்ச அழுத்தம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து, வில்லின் விளிம்பை நோக்கி அழுத்தம் பல் இல்லாமல் வழுவழுப்பாக இறங்கினால், உராய்வு 0.15-ஐத் திரும்பப் போட்டு ஓட்டுங்கள். அதில் மாட்டினால் மெஷ் படத்தோடு மெசேஜ் ஃபைலின் கடைசி ஐம்பது வரியையும் அனுப்புங்கள்.